ராணிக்கும் பாட்டிக்கும் ஒரே நோய்

ஆக்லாந்து நகரின் நடுவில், பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஆல்பர்ட் பூங்கா இருக்கிறது. வேலைக்காக நகர மையத்துக்குப் போகும் நாட்களில் தயிர்சாத டப்பாவோடு அங்கே ஏறிப்போய் உட்காருவேன். எதிரே விக்டோரியா ராணியின் வெண்கலச் சிலை. 1899-இல், அவர் உயிரோடு இருந்தபோதே திறந்துவைத்தது. நிமிர்ந்து நிற்கிறார். பல வருடங்களாக அதைச் சிலையாகத்தான் பார்த்தேன். ஒரு செய்தியைப் படித்த பிறகு, 'இந்த அம்மாவால் எப்படி இவ்வளவு நேரம் நிற்க முடிந்தது?' என்று கேட்கத் தோன்றியது.

1901 ஜனவரி 22 அன்று ராணி இறந்தார். சர் ஜேம்ஸ் ரீட் 1881 முதல் அவரோடிருந்த மருத்துவர். அந்த இருபது ஆண்டுகளில் ராணி தம் உடலை அவரிடம் முழுமையாகக் காட்டியதில்லை. கேள்வி கேட்பார், நாடி பார்ப்பார், மருந்து தருவார், அவ்வளவுதான். இறந்த பிறகே ரீட் கண்டார்: ராணிக்குக் கருப்பை இறங்கியிருந்தது, அடிவயிற்றில் குடலிறக்கமும் இருந்தது. 1840-க்கும் 1857-க்கும் இடையே ஒன்பது குழந்தைகளைப் பெற்ற உடல் அது. உலகின் கால்பங்கை ஆண்டவர் அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்து போய்ச் சேர்ந்துவிட்டார். ரீட்டின் காகிதங்களிலிருந்து வெளியுலகுக்கு அது தெரியவர 1987 ஆயிற்று.

என் பாட்டிக்கும் அதே நோய். பாட்டி ஆண்டது திருவல்லிக்கேணியில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தை. எனக்கும் அதே நோய். எனக்கு வந்ததால்தான் பாட்டிக்கு இருந்தது எனக்குத் தெரிந்தது.

*

என் மூத்தவள் 2015-இல் ஆக்லாந்தில் பிறந்தாள். நீண்ட பிரசவம். கடைசியில் ஆயுதம் போட்டு எடுத்தார்கள். தையல் போட்டார்கள். அதன்பின் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து குழந்தையை எடைபோட்டு, தாய்ப்பால் விசாரித்து, என் தையலையும் பார்த்துவிட்டுப் போவார். இந்த நாட்டில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மிட்வைஃப்கள் தாமாகவே பிரசவம் பார்க்கலாம். பெரும்பாலான தாய்மார்களுக்குப் பேறுகாலம் முழுவதும் பொறுப்பு அவர்தான். ஆறு வாரத்தில் அவர் விடைபெறுவார். எனக்கு ஏழாவது வாரத்தில் தெரிந்தது.

மவுங்கவாவ் மலைச்சரிவில் தள்ளுவண்டியோடு ஏறிக்கொண்டிருந்தேன். உள்ளே எதுவோ கீழே நழுவியது போலிருந்தது. வலி இல்லை, ஒரு கனம் மட்டும். வீட்டுக்கு வந்து கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கே இருக்கக் கூடாத ஒன்று இருந்தது. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிந்தது. முப்பத்து நான்கு வயது. கம்பெனியில் பதினைந்து பேருக்கு முன்னால் நின்று அரைமணி நேரம் பேச வேண்டியவள், வாசலுக்கு மிக அருகிலுள்ள நாற்காலியைத் தேடத் தொடங்கினேன்.

யாரிடம் சொல்வது? கணவரிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. டாக்டரிடம் போனபோது அவர் அன்பாகவே சொன்னார்: "அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆனால் குடும்பம் முழுமையான பிறகு செய்வதுதான் வழக்கம்." இன்னொரு குழந்தை பிறந்தால் தைத்தது பிரிந்துவிடலாம் என்பது காரணம். சரியான காரணம்தான். ஆனால் நான் கேட்க வந்தது வேறு. எனக்கு இன்னொரு குழந்தை வேண்டும். இந்த உடம்பு அதைத் தாங்குமா? இப்போது தள்ளிப்போடுவதா, விட்டுவிடுவதா? குடும்பம் முழுமையானவர்களுக்கு வழி இருந்தது. இன்னும் முழுமையாகாதவர்களுக்குக் காத்திருப்பு மட்டும்.

அன்றிரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உங்க பாட்டிக்கு இருந்ததுடி. அடி இறங்கிடுச்சும்பா" என்றாள்.

*

பாட்டிக்கு ஏழு பிரசவம். மூன்றாவதற்குப் பிறகு அடி இறங்கியது. பழைய வேட்டித் துணியை மடித்துத் தாங்கலாகக் கட்டிக்கொள்வாளாம். அந்தத் துணியைத் தனியாகத் துவைத்து, கொடியில் புடவைக்கு அடியில், வெளியே தெரியாமல் உலர்த்துவாள். இரவு தங்கும்படியான கல்யாணங்களுக்குப் போகமாட்டாள். கோயில் பிரகாரத்தில் ஒரு சுற்று முடிந்ததும் தூணோரம் உட்கார்ந்துவிடுவாள். பக்தி குறைவு என்று உறவில் பேச்சு. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பன்னெண்டு வயசுல கொடியிலேர்ந்து துணி எடுக்கறப்ப தெரிஞ்சுது." "அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?" "இதெல்லாம் சொல்ற விஷயமா?"

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பாட்டி வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சொல்ல முடியாதவற்றைச் சொல்வதற்கென்றே கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரி. பெயர்ப்பலகையில் கஸ்தூர்பா காந்தி. முதலில் இருந்த பெயரோ விக்டோரியா.

அதைத் தொடங்கியவர் மேரி ஷார்லீப். வழக்கறிஞரான கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்தவர். ஆண் மருத்துவர் முன் வரமாட்டாமல் பிரசவத்தில் பெண்கள் மடிவதைக் கேள்விப்பட்டுத் தாமே மருத்துவம் படிக்கத் துணிந்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி அவரையும் இன்னும் மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பிறகு லண்டனில் 1882-இல் பட்டம் பெற்றார். சென்னைக்குத் திரும்புமுன் விக்டோரியா ராணி அவரை அழைத்துப் பேசினார். மறைப்புக்குள் வாழும் இந்தியப் பெண்கள் பேறுகாலத்தில் படும் பாட்டை ஷார்லீப் எடுத்துச் சொன்னார். 1885-இல் சென்னையில் சாதி இந்துப் பெண்களுக்கும் கோஷா முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களுக்குமாக, பெண் மருத்துவர்களே பார்க்கும் மருத்துவமனை உருவாயிற்று. ராணியின் பெயர் அதற்கு அமைந்தது.

அந்தச் சந்திப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட முடியாத இந்தியப் பெண்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தம் மருத்துவரிடம் உடலைக் காட்டாத ஒரு பெண். ஒன்பது பேறுகள் அப்போது முடிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. கோஷாவுக்கு அரண்மனையென்றும் அக்ரகாரமென்றும் பேதமில்லை. பாட்டி தன் கடைசி இரண்டு பிரசவங்களுக்கு அந்த ஆஸ்பத்திரிக்கே போனாள். குழந்தையைக் காட்டினாள், பாலைப் பற்றிக் கேட்டாள். இதை மட்டும் சொல்லவில்லை. பெண் டாக்டர் வந்தும் அவள் வாய் திறக்கவில்லை. கட்டடத்திலிருந்த திரையை ஷார்லீப் விலக்கிவிட்டார். மனத்திலிருந்த திரைக்கு இன்னும் நூறு வருடம் தேவைப்பட்டது.

*

நோய் புதிதல்ல. பண்டைய கிரேக்க மருத்துவத்தில், கருப்பை இறங்கிய பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டி உலுக்கும் முறை இருந்தது. பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கச் செய்வதும் உண்டு. உலுக்குவதை எபெசஸ் நகரத்து சொரானஸ் பின்னாளில் கண்டித்தார். 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலெர்னோ நகரத்துப் பெண் மருத்துவரான டிரோட்டாவின் பெயரோடு வழங்கும் நூல், பிரசவத்தில் ஆசனவாய்வரை கிழிந்துபோன பெண்களைப் பட்டு நூலால் தைப்பது எப்படி என்று சொல்கிறது. தையலைச் சொன்ன நூல் பெண் மருத்துவத்தின் பெயரால் வந்ததென்பது தற்செயல் அல்ல.

நவீன அறுவை சிகிச்சையின் தொடக்கமோ கொடியது. 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில், பிரசவத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்த அடிமைப் பெண்கள்மீது மேரியன் சிம்ஸ் தம் சோதனைகளை நடத்தினார். அனார்ச்சா, லூசி, பெட்ஸி என மூன்று பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. அனார்ச்சாவுக்கு மட்டும் முப்பது அறுவைகள், மயக்கமருந்து இல்லாமல். 1849-இல் வெள்ளிக் கம்பித் தையல் வென்றது. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவிலிருந்த சிம்ஸின் சிலையை 2018-இல்தான் அகற்றினார்கள். அந்த மூவருக்கும் என்ன வேண்டியிருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1888-இல் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் இறங்கிய கருப்பைக்கு ஓர் அறுவையைத் தொடங்கினார். ஃபாதர்கில் அதைத் திருத்தி அமைத்தார். நீண்டுபோன கருப்பை வாயை வெட்டி எடுத்து, பக்கத்துத் தசைநார்களை முன்னால் இழுத்துத் தைப்பது அதன் சாரம். இறக்கம் நின்றது. ஆனால் வாய் வெட்டுண்ட கருப்பையில் கரு தங்குவது கடினம். தங்கினாலும் கலையலாம், முன்கூட்டியே பிறக்கலாம், அல்லது பிரசவத்தில் வாய் திறக்காமல் போகலாம். பிள்ளை பெற்று முடித்தவர்களுக்கு அது ஏற்றது. கருப்பையையே எடுத்துவிடுவதும் அப்படியே. மருத்துவத்தின் கற்பனையில் இந்த நோயாளி எப்போதும் ஐம்பது வயதுக்காரி.

இந்தியாவில் அந்தக் கற்பனை பொய்த்தது. இளவயதுத் திருமணம், அடுத்தடுத்த பேறு, பேறு முடிந்த சில நாளிலேயே குடமும் விறகும் சுமப்பது என்றிருந்த நாட்டில் இருபது வயதுப் பெண்கள் அடி இறங்கி வந்தார்கள். அவர்களில் பலருக்கு ஒரு குழந்தைதான், சிலருக்கு அதுவும் இல்லை. கருப்பையை எடுத்துவிட்டால் நோய் போகும், கூடவே வாழ்க்கையும் போகும். ஆகவே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பம்பாய் மருத்துவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்டார்கள்: வெட்டாமல் தூக்கிக் கட்ட முடியாதா?

புரந்தரே, வயிற்றுச் சுவரின் தசையுறையிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துக் கருப்பை வாயின் முன்பக்கத்தில் பிணைத்தார். வி. என். ஷிரோட்கர், கருப்பை வாயின் பின்பக்கத்திலிருந்து முதுகெலும்பின் அடிப்பகுதிவரை நாடா கட்டினார். ஊஞ்சலைச் சங்கிலியில் மாட்டுவது போல. கருப்பை வாய் முழுதாக இருந்தது. அந்தப் பெண்கள் மறுபடி கருத்தரிக்கலாம், பெறலாம். ஷிரோட்கரை உலகம் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறது. கருவைத் தாங்காமல் முன்னதாகவே திறந்துவிடும் கருப்பை வாய்க்கு அவர் 1955-இல் விவரித்த தையல் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தப் பெண்ணுக்கு அடுத்து என்ன வேண்டும்?

*

கத்தியில்லாத வழி இன்னொரு பக்கம் வளர்ந்தது. நடனக் கலைஞராயிருந்து உடற்பயிற்சி மருத்துவம் கற்ற மார்கரெட் மாரிஸ், இடுப்புத் தளத் தசைகளைச் சுருக்கி விரிக்கும் பயிற்சியை 1936-இல் இங்கிலாந்தில் எழுதினார். 1948-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னல்ட் கெகல், அந்தத் தசையின் வலுவை அளக்கும் கருவியோடு கட்டுரை வெளியிட்டார். இன்று பயிற்சி அவர் பெயரால் வழங்குகிறது. எனக்குக் கற்றுக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட், "மேலே தூக்குங்கள், பத்து எண்ணுங்கள், விடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி" என்பார். கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டே நான் செய்த ஒரே உருப்படியான வேலை பல நாட்களில் அதுதான்.

எந்தத் தசை, எங்கே கிழிகிறது என்பதைப் படமாகப் பார்த்தது மிகவும் பிந்தி. 2003-இல் மிச்சிகனில் ஜான் டிலான்சியின் குழு எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டது. பிள்ளை பெறாத 80 பெண்களில் ஒருவருக்கும் கிழிசல் இல்லை. முதல் குழந்தையை இயல்பு வழியில் பெற்ற 160 பேரில் 32 பேருக்கு இடுப்புத் தளத்தின் முக்கியத் தசையில் சிதைவு தெரிந்தது. நிலாவில் மனிதன் நடந்து 34 ஆண்டு கழித்து இதைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

'கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும்' என்ற ஆறுதலைப் பரிசோதித்ததில் நியூசிலாந்துக்கும் பங்குண்டு. 1993-94-இல் டுனீடின், அபர்டீன், பர்மிங்காம் ஆகிய ஊர்களில் பிள்ளை பெற்றவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வில் ஒடாகோ பல்கலைக்கழகத்தின் டான் வில்சன் இருந்தார். பேறு முடிந்து மூன்றாம் மாதத்தில் சிறுநீர்க் கசிவு இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேலானவர்களுக்கு 12 ஆண்டு கழித்தும் அது இருந்தது. ஆறுதல் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. யாரும் 12 வருடம் கழித்து வந்து கேட்டதில்லை, அவ்வளவே.

கேட்காததன் விலையை இந்த நாடு இன்னொரு வகையிலும் கொடுத்தது. இறக்கத்துக்கும் கசிவுக்கும் பிளாஸ்டிக் வலை வைத்துத் தைப்பது விரைவான தீர்வாகப் பரவியது. வலை உள்ளே அரித்து நடக்கவும் முடியாமல் தவித்த பெண்களுக்கு முதலில் கிடைத்த பதில், மனப்பிரமை. 2014-இல் கார்மெல் பெர்ரி, சார்லட் கோர்ட்டே என்ற இரு பெண்கள் நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். 2019-இல் அரசு அமைத்த விசாரிப்பில் 600-க்கும் மேற்பட்டோர் தம் கதையைச் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் கசிவுக்கான வலை அறுவை நிறுத்திவைக்கப்பட்டது.

*

இனி ஏ.சி.சி. என்ற மூன்றெழுத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் வாழும் நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டும். 1967-இல் நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தந்த அறிக்கையின் வழியே, 1974 ஏப்ரல் 1 முதல் நியூசிலாந்தில் விபத்தில் காயம்பட்ட எவருக்கும், யார் தவறு என்ற கேள்வியில்லாமல், அரசே சிகிச்சைச் செலவும் ஊதிய இழப்பும் தருகிறது. ரக்பி ஆடி முழங்கால் கிழிந்தால் உண்டு. ஏணியிலிருந்து விழுந்தால் உண்டு. பிரசவத்தில் கிழிந்தால்? சட்டத்தின் விளக்கப்படி விபத்து என்பது உடலுக்கு வெளியிலிருந்து வரும் விசையால் நேர்வது. குழந்தையோ உள்ளிருந்து வருகிறது. சிகிச்சையால் நேர்ந்த காயம் என்று நிறுவினால் மட்டும் ஒரு வழி இருந்தது. என் விண்ணப்பம் திரும்பி வந்தது.

நான் தரவுத்தளங்களோடு பிழைப்பவள். எங்கள் தொழிலில் ஒரு விஷயத்துக்கு அட்டவணையில் பத்தி இல்லையென்றால் அது நடக்கவே இல்லை. அறிக்கையில் வராது, பட்ஜெட்டில் வராது. எவ்வளவு பேர் என்று அமைச்சர் கேட்டால் பதில் பூஜ்யம். பாட்டியின் துணியும் அப்படிப் பூஜ்யமாகிப் போனதுதான்.

2022-இல் அந்தப் பத்தி சேர்ந்தது. பிரசவ வலி தொடங்கியதிலிருந்து பேறு முடியும்வரை உடலுக்குள் செயல்படும் விசையால் தாய்க்கு நேரும் காயத்தையும் சட்டம் ஏற்றது. அக்டோபர் 1 முதல் நடைமுறை. காயங்களின் பட்டியல் ஒன்று சட்டத்தோடு இணைந்தது: கருப்பை இறக்கம், முன்சுவர் பின்சுவர் இறக்கம், இடுப்புத் தளத் தசை எலும்பிலிருந்து பிய்வது, ஆசனத்தசைக் கிழிசல், பேற்றால் வரும் ஓட்டை, வால் எலும்பு முறிவு... அனார்ச்சாவின் காயமும் இருக்கிறது, ராணியின் நோயும் இருக்கிறது. பட்டியலை வரிவரியாகப் படித்தேன். கவிதையை அப்படிப் படித்ததில்லை. சட்டத்துக்கு முந்தைய பேறுகளுக்கு அது பொருந்தாது, எனவே எனக்குப் பயனில்லை. ஆனாலும் அன்று மாலை அம்மாவை அழைத்து, "பாட்டியோடது இங்கே சட்டத்துல வந்துடுச்சும்மா" என்றேன். அம்மா அழுதாள்.

என் இரண்டாவது குழந்தை 2019-இல் பிறந்தான். பதினெட்டு மாதப் பயிற்சி, உள்ளே தாங்கலாக ஒரு சிலிக்கான் வளையம். மாதுளம்பழத்தின் பேத்தி. ஐந்தாம் மாதத்துக்குப் பின் கருப்பை தானே மேலெழும்பியதால் வளையம் வேண்டியிருக்கவில்லை. சிசேரியனா இயல்பா என்று இரண்டின் நன்மை தீமைகளையும் ஒரு மருத்துவர் ஒருமணி நேரம் உட்கார்ந்து எடுத்துச் சொன்னார். முடிவை என்னிடம் விட்டார். இயல்பு வழியைத் தேர்ந்தேன். பிறகு என் நிலை முன்பைவிட மோசமாகவுமில்லை, தேறவுமில்லை. இது ஒருத்தியின் கதை, எல்லோருக்குமான விதி அல்ல. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அந்த ஒருமணி நேரம்தான். ராணிக்கு இருபது வருடத்தில் அது கிடைக்கவில்லை.

போன வருடம் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், என் தோழியின் உறவு, சாண்ட்ரிங்காமில் ஒரு தோசைக் கடையில் என்னைச் சந்தித்தாள். முதல் பிரசவம் முடிந்து மூன்று மாதம். ஏ.சி.சி. விண்ணப்பம் ஏற்கப்பட்டு பிசியோதெரபி நடக்கிறது. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கிறாள். ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது, தசையின் லத்தீன் பெயர் உட்பட. தயங்கி ஒன்று கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லணும்க்கா. அம்மாக்கு இங்கிலீஷ்ல சொன்னா புரியாது. தமிழ்ல இதுக்கு என்ன சொல்வாங்க?"

பாட்டி கொடியில் மறைத்து உலர்த்திய சொல்லை எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் இரண்டு மாமாக்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.